வெற்றிக்குப் பின் வரும் கணக்கு

இலக்கிய உரைத் தொடரொன்றில் கம்பியூட்டர் விளையாட்டைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் உங்களிற் சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். பிள்ளைகள் இரவிரவாகக் கண்விழித்து ஆடும் ஆட்டத்துக்கும் இலக்கியத்துக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். ஆனால் ஒரு கற்பனை உலகம் முப்பது ஆண்டுகளாக வளர்ந்து வந்திருக்கிறது. அதற்கென்று அரச வம்சங்களும் நாவல்களும் தோன்றியுள்ளன. அங்கே நேச நாடுகளின் தலைவர்கள் ஏன் பிணங்கினார்கள் என்று இலட்சக் கணக்கானோர் இன்றும் வழக்காடுகிறார்கள். இலக்கிய மாணவன் ஒருவன் அதை எட்டிப் பார்ப்பதில் தவறில்லை என்றே நினைக்கிறேன்.

அதன் பெயர் 'வோர்கிராஃப்ட்'. அமெரிக்காவின் பிளிஸார்ட் நிறுவனம் 1994இல் வெளியிட்ட முதலாவது விளையாட்டில் மனிதரும், வேற்றுலகிலிருந்து வந்த ஓர்க் என்னும் முரட்டு இனத்தவரும் மோதிக்கொண்டார்கள். கதை என்று சொல்ல அதிகம் இருக்கவில்லை. 1995இல் இரண்டாவதும் 2002இல் மூன்றாவதும் வந்தன. 2004 நவம்பரில், உலகெங்குமுள்ளோர் ஒரே களத்தில் ஒருங்கே புகுந்து ஆடக்கூடிய 'வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட்' வந்தது. 2010இல் அதற்கு ஒரு கோடி இருபது இலட்சம் சந்தாதாரர்கள் இருந்தார்கள். இந்த வளர்ச்சியில், ஓர்க்குகளோடு பொருதும் போர் மெல்ல மெல்லப் பின்னணிக்குப் போயிற்று. ஒரே கொடியின் கீழ் நின்ற இனங்களுக்கிடையிலான மனக்கசப்பு முன்னுக்கு வந்தது. எனக்கு அக்கறை அந்த மனக்கசப்பில்தான்.

முதலாவது போரில் ஸ்டோர்ம்விண்ட் என்னும் மனித இராச்சியம் வீழ்கிறது. தளபதி லோதார், உயிர் தப்பியோரைக் கப்பலேற்றிக்கொண்டு வடக்கே லோர்டெரோனுக்கு வருகிறான். அங்கே மன்னன் டெரினாஸ் ஏழு மனித இராச்சியங்களையும் கூட்டி நேச அணியை அமைக்கிறான். மலைவாழ் குள்ளர்களும் நோம் எனப்படும் சிற்றுருவினரும் சேர்கிறார்கள். குவெல்தலாஸ் என்னும் காட்டு நாட்டிலிருந்து எல்ஃப் இனத்தவரும் வருகிறார்கள். இவர்கள் நீண்ட காதும் நீண்ட ஆயுளும் உடையவர்கள். மந்திர வித்தையில் மனிதருக்கு ஆசான்கள். லோதாரின் முன்னோர்களுக்குப் பட்ட பழைய நன்றிக் கடனுக்காக, மனமில்லாமல், முதலில் சிறு படையொன்றையே அனுப்பினார்கள். ஓர்க்குகள் தம் காட்டுக்குத் தீ வைத்த பிறகே முழுமூச்சாக இறங்கினார்கள்.

போரில் நேச அணி வென்றது. அதன் பிறகுதான் இந்தக் கதையின் மிகச் சிறந்த பகுதி வருகிறது. தோற்ற ஓர்க்குகளைக் கொல்வதா, வைத்திருப்பதா? டெரினாஸ் அவர்களைத் தடுப்பு முகாம்களில் அடைத்தான். முகாம் என்றால் காவல் வேண்டும், காவலுக்குச் சம்பளம் வேண்டும், சம்பளத்துக்கு வரி வேண்டும். வரி ஆண்டுக்காண்டு ஏறிற்று. கில்னியஸ் மன்னன் கென் கிரேமேன், 'உங்கள் முகாம்களுக்கு என் குடிகள் ஏன் இறுக்க வேண்டும்?' என்ற நிலைப்பாட்டோடு விலகித் தன் நாட்டின் எல்லையில் பெருமதில் எழுப்பிக்கொண்டான். ஸ்ட்ரோம்கார்டும் விலகியது. எல்ஃப்கள், மனிதர் தலைமை சரியில்லாததால்தான் தங்கள் காடு எரிந்தது என்றார்கள். அந்தக் காட்டுக்காக எத்தனை மனிதர் மடிந்தார்கள் தெரியுமா என்று டெரினாஸ் கேட்டான். இருவர் சொன்னதும் உண்மைதான். எல்ஃப்கள் போய்விட்டார்கள்.

நம்மவருக்கு இது புதிதல்ல. வாலி மடிந்து, முடி சூடிய பின் சுக்கிரீவன் கார்காலம் கழிந்தும் வராதிருந்ததையும், இலக்குவன் சீறிக்கொண்டு கிட்கிந்தைக்குப் புறப்பட்டதையும், தாரை இடையில் வந்து நின்றதையும் கம்பனிற் படித்தவர்கள் நாம். காரியம் முடிந்தவுடன் நட்பு தளர்வதைக் கம்பன் அங்கே எத்தனை நுட்பமாகக் காட்டுகிறான்! வோர்கிராஃப்ட் உலகில் இடையில் வந்து நிற்க ஒரு தாரை இருக்கவில்லை என்பதுதான் வேறுபாடு.

இனி இரண்டாவது பிரிவு. டெரினாஸின் சொந்த மகன் ஆர்தாஸ் தீயசக்திக்கு அடிமையாகித் தந்தையைக் கொன்று, இறந்தோர் படையுடன் குவெல்தலாஸுக்குள் நுழைகிறான். எல்ஃப்களிற் பத்தில் ஒன்பது பேர் அழிகிறார்கள். அவர்களுக்கு மந்திர சக்தி ஊட்டிய சூரியக் கிணறும் கெடுகிறது. எஞ்சியோர், மாண்டவர் நினைவாகத் தமக்கு 'குருதி எல்ஃப்' என்று பெயரிட்டுக்கொண்டு, இளவரசன் கெய்ல்தாஸ் தலைமையில் மீண்டும் நேச அணியோடு தோள் சேர வருகிறார்கள். அங்கே எஞ்சியிருந்த மனிதப் படைக்குத் தலைவன் கரித்தோஸ். மனிதரல்லாதார் எவரையும் கண்ணில் காட்டக்கூடாத பேர்வழி.

2003இல் வெளிவந்த 'ஃப்ரோஸன் துரோன்' என்ற தொகுதியில் இந்த உறவு முறியும் விதத்தைக் கவனிக்க வேண்டும். கரித்தோஸ் இளவரசனுக்குக் கொடுக்கும் வேலை, இடிந்துபோன அவதான கோபுரங்களைத் திருத்துவது. பிறகு வலிமையான படைப்பிரிவுகளை அவனிடமிருந்து பிடுங்கிக்கொண்டு, இறந்தோர் படை வரும் வழியில் அவனைத் தனியே நிறுத்துகிறான். அப்போது கடலிலிருந்து நாகா என்னும் இனத்தவரின் தலைவி வாஷ் உதவிக்கு வருகிறாள். (நாகா என்பது நம்முடைய நாகந்தான், கீழ்ப்பாதி பாம்பு. பெயரை இரவல் வாங்கியவர்கள் நன்றி சொன்னதாகத் தெரியவில்லை!) அந்த உதவியைக் கண்ட கரித்தோஸ், இது துரோகம் என்று எல்ஃப்களைச் சிறையிலடைத்து மரண தண்டனை விதிக்கிறான். வாஷ் பாதாளக் கால்வாய் வழியாக வந்து அவர்களை மீட்டுச் செல்கிறாள்.

இதில் ஒரு வஞ்சனையும் இல்லை, பேரரக்கன் எவனும் இல்லை. ஓர் அற்பத் தளபதியின் ஏளனம் மட்டுமே இருக்கிறது. விளையாடுபவன் இளவரசனாக நின்று ஒவ்வொரு கட்டளையையும் வாங்கிச் செய்ய வேண்டியிருப்பதால், அந்த அவமானம் அவன் கையிலேயே சுடுகிறது. இதை நாவலாலும் முழுமையாகச் செய்ய முடியாது. பின்னர் இதே கரித்தோஸ், தலைநகரைத் திருப்பித் தருவேன் என்ற வாக்கை நம்பி, இறந்தும் இறவாத எல்ஃப் பெண்ணான சில்வானாஸோடு கூட்டுச் சேருகிறான். நகரம் பிடிபட்ட உடனே அவள் அவனைக் கொல்விக்கிறாள். இளவரசனைத் தூக்குமேடைக்கு அனுப்பத் துணிந்த குற்றத்தைத் தானே செய்து முடிந்துபோகிறான்.

குருதி எல்ஃப்கள் 2007இல் எதிரணியான ஹோர்டில் சேர்ந்தார்கள். முகத்தில் அழகில்லாத இனங்களே நிறைந்திருந்த அந்த அணிக்கு ஆட்டக்காரரை இழுக்கவும் இது உதவியது என்பதை மறைக்கத் தேவையில்லை. வியாபாரம் வியாபாரந்தான். எனினும் கதை அதற்கான நியாயத்தை நான்கு ஆண்டுகளுக்கு முன்பே தேடி வைத்திருந்தது.

மூன்றாவது முறை இன்னும் வேதனையானது. 2012இல் ஹோர்டின் தலைவன் கரோஷ், தெரமோர் என்னும் துறைமுக நகரை ஒரே குண்டினால் அழித்தான். அந்நகரின் தலைவி ஜேய்னா. ஓர்க்குகளோடு சமாதானத்தைக் காக்க, தன் தந்தை அவர்கள் கையால் மடிவதைப் பார்த்துக்கொண்டிருந்தவள். கரோஷின் போக்குப் பிடிக்காத குருதி எல்ஃப் தலைவன் லோர்தெமார், அதே ஆண்டில் ஸ்டோர்ம்விண்ட் மன்னன் வேரியனோடு இரகசியமாகப் பேசத் தொடங்குகிறான். பழைய வீட்டுக்குத் திரும்பும் பேச்சு! அவ்வேளை, டலரான் நகரிலிருந்த சில எல்ஃப்கள் ஹோர்டுக்குத் துணைபோனது தெரியவருகிறது. ஜேய்னா, குற்றவாளி யார் குற்றமற்றவர் யார் என்று பிரித்துப் பாராமல், அங்கிருந்த குருதி எல்ஃப்கள் அனைவரையும் விரட்டுகிறாள், எதிர்த்தவர்கள் கொல்லப்படுகிறார்கள். பேச்சு அத்தோடு முறிந்தது. கரித்தோஸ் வெறுப்பினால் செய்ததை ஜேய்னா துயரத்தினால் செய்தாள். விளைவு ஒன்றாகவே இருந்தது.

நேயர்களே, ஆட்டத்தின் அமைப்பிலேயே இன்னொரு விடயமும் உண்டு. 2004 முதல், எதிரணியைச் சேர்ந்த ஆட்டக்காரர் எழுதுவது உங்கள் திரையில் விளங்காத ஒலிக்கோவையாகவே தெரியும். சிரிப்பைக் குறிக்க ஹோர்ட்காரன் 'லொல்' என்று தட்டினால், மறுபக்கத்தவனுக்கு 'கெக்' என்று தோன்றும். நாளடைவில் அந்தக் 'கெக்' எதிரியின் சிரிப்பு என்று எல்லோரும் கற்றுக்கொண்டார்கள். மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே கற்ற ஒரே சொல் அது. இரு அணியினரும் ஒன்றாகக் குழு அமைத்துக் களம் காண அனுமதி கிடைத்தது 2022இல்தான்.

இந்தக் கதையில் எனக்குள்ள குறையையும் சொல்லிவிட வேண்டும். பிற்காலத்தில் எழுதியவர்கள், வரிப்பணத்தாலும் அவமதிப்பாலும் வரும் பிணக்கை விட்டுவிட்டுத் தலைவனையே கொடுங்கோலனாக்கும் சுலபவழிக்குப் போனார்கள். 2013இல் கரோஷ் சொந்த அணியினராலேயே வீழ்த்தப்பட்டான். 2018இல் சில்வானாஸ், இரவு எல்ஃப்களின் மாபெரும் உறைவிட மரத்தை எரித்தாள்; அடுத்த ஆண்டே அவளும் தலைமையைத் துறந்து ஓடினாள். ஒரே அச்சில் வார்த்த இரண்டு கதைகள். அந்த எரிப்புக்குப் பின் இரவு எல்ஃப்களின் தலைவி டைரண்ட, இளம் மன்னன் அண்டுயினிடம் படை கேட்டு, வேறு களங்கள் முந்தியவை என்ற பதிலைப் பெற்று, தானே தனித்துப் போருக்குப் போகும் பகுதி எத்தனையோ மேல். நம்முடைய மரம், உங்களுடைய போர்த்திட்டம்: அங்கே பழைய கை மறுபடி தெரிகிறது.

பெருமதில் எழுப்பிய கிரேமேனின் கதையும் இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. மதில் அவனைக் காக்கவில்லை. 2010இல் நாட்டை இழந்து, விட்டுப்போன நேச அணியின் வாசலிலேயே அகதியாக வந்து நின்றான். அவனைச் சேர்க்க வேரியனுக்கு மனம் வரவில்லை. நீண்ட இழுபறிக்குப் பின்பே சேர்த்தான். கில்னியஸ் மீட்கப்பட்டது 2024இல்.

எல்ஃப்களிலும் ஒரு சிறு பிரிவு 2018இல் நேச அணிக்குத் திரும்பிற்று. சொந்த நகரிலிருந்து நாடுகடத்தப்பட்டவர்கள் அவர்கள். 2023 நவம்பரில் பிளிஸார்ட் நிறுவனம் 'மிட்நைட்' என்ற தொகுதியை அறிவித்தபோது, கதை மீண்டும் குவெல்தலாஸுக்குப் போகும், சிதறிய எல்ஃப் கிளைகள் ஒன்றுசேர்வதே அதன் பொருள் என்றது. லோர்தெமாரையும் ஜேய்னாவையும் ஒரே மேசையில் இருத்தினால், டலரானில் இறந்தவர்களைப் பற்றி முதலில் வாய் திறப்பது யார் என்பதைத்தான் நான் பார்க்கக் காத்திருக்கிறேன்.