விருந்தாய் வந்த சொல்லும் வீட்டைப் பறித்த சொல்லும்



இறாலை மெல்லிய மாவுத்தோலில் பொதிந்து ஆவியில் வேகவைத்த பண்டம் ஒன்று, பிலிப்பீன்சு நாட்டுச் சீன உணவகங்களில் கிடைக்கும். தகலோகு மொழியார் அதனை 'ஆக்காவ்' என்பர். அச்சொல்லின் முதலில் ஒரு மூச்சொலி உண்டு. அதற்குத் தமிழில் எழுத்தில்லை. கடன் வாங்கவும் வேண்டா. வடசொல்லையும் தமிழெழுத்தாலேயே ஏற்குமாறு தொல்காப்பியர் நெறி வகுத்துள்ளார் அல்லரோ!

தகலோகில் வழங்கும் சீன உணவுப் பெயர்களுள் மிகப் பல, ஒக்கியன் மொழியர் தந்தவை. 'பன்சித்து' என்னும் மாவிழை உணவும் 'இலும்பியா' என்னும் சுருட்டுப் பண்டமும் அத்தகையன. ஆனால் ஒக்கியனில் இறால் 'ஏ' ஆகும். கண்டன் மொழியிலேயே அது 'ஆ' ஆகும். ஓர் உயிரொலியே சொல்லின் பிறந்தகத்தைக் காட்டிவிடுகிறது!

மணிலாவின் பினோந்தோவில் 1594-இலேயே சீனர் குடியிருப்பு அமைந்தது. வணிகரும் சமையலரும் புதுப் பண்டத்தைப் பெயரோடு கொணர்ந்தனர். அதனால் தகலோகு இழந்தது என்ன? ஒன்றுமில்லை. நெல்லுக்குப் 'பலாய்', அரிசிக்குப் 'பிகாசு', சோற்றுக்குக் 'கனின்' என்னும் சொற்கள் இன்றும் வாழ்கின்றன. 'காயின்' என்றால் உண்ணல். அதனின்று பிறந்ததே 'கனின்'.

இனி, மறுபக்கம் காண்க. 1565 முதல் 1898 வரை இசுப்பானியர் அந்நாட்டை ஆண்டனர். 'ஆனால்' என்னும் பொருளுடைய 'சுபாலித்து' என்னும் சொந்தச் சொல் ஏட்டில் ஒதுங்க, 'பேரோ' என்னும் இசுப்பானியச் சொல் நாவில் ஏறிற்று. இரண்டைக் குறிக்கத் 'தலவா' இருந்தும், இரண்டு மணியை 'அலாசு தோசு' என்றே சொல்கின்றனர். முன்னது விருந்து, பின்னது வீட்டைப் பறித்த குடியேற்றம்!

தமிழும் அம்மொழிக்கு ஈந்துள்ளது. நம் 'மாங்காய்' மலாய் வழியே சென்று, அங்கே 'மங்கா' என வழங்குகிறது. ஈந்த மொழிக்குரியார் இன்று எவ்வாறுள்ளனர்? 'சோறு' இழிந்ததென்று 'சாதம்' என்றனர். இப்பொழுது அதனையும் விட்டு 'ரைசு' என்கின்றனர். இல்லாத பண்டத்திற்கா இப்பெயர்கள்? உலையில் கொதிப்பது நம் அரிசியன்றோ!

தகலோகு மொழியார் காத்த சோற்றுச் சொல்லை நாமும் காப்போம். இன்றிரவே இல்லந்தோறும் 'சோறு' என்று சொல்லிப் பரிமாறுக!

வாழ்க தமிழ்!