பழிவாங்கல் நீதியாகுமா?

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இரயில்வே குமாஸ்தாவுக்கு அரசியல் எதற்கு என்று சிலர் எண்ணலாம். ஆயினும் இவ்வரலாறு நம் கோவண்டிக்கு அயலன்று. 1976 மே மாதம், நெருக்கடி நிலையின்போது, அணு ஆராய்ச்சி நிலையத்தை அடுத்திருந்த ஜனதா காலனி இடித்துத் தள்ளப்பட்டது. ஆங்கு வாழ்ந்த பல்லாயிரவர் சீத்தா கேம்ப்புக்கு அகற்றப்பட்டனர். அவர்களுள் நம் தமிழரும் பலர்.

1977 மார்ச்சில் மக்கள் வாக்குச் சீட்டால் தீர்ப்பளித்தனர். இந்திரா காந்தி அம்மையார் பதவி இழந்தார். ஜனதா அரசு நீதிபதி ஷா தலைமையில் விசாரணைக் குழு அமைத்தது. நன்று. ஆனால் அதன் பணி முடியுமுன்பே, அக்டோபர் 3-ஆம் நாள் அம்மையாரைக் கைது செய்தனர். எதற்காக? இடிந்த வீடுகளுக்காக அன்று. விசாரணையின்றிச் சிறைப்பட்டோருக்காகவும் அன்று. தேர்தல் ஜீப்புகளும் ஓர் எண்ணெய் ஒப்பந்தமுமே குற்றச்சாட்டு! ஆதாரம் போதாதென மறுநாளே நீதிமன்றம் அவரை விடுவித்தது. 1978 டிசம்பரில் மக்களவையே பெரும்பான்மை வாக்கால் அவரை நீக்கித் திகார்ச் சிறைக்கு அனுப்பியது. விளைவு யாது? விடை கூற வேண்டியவர் வீராங்கனையானார். 1980 ஜனவரியில் மீண்டும் பிரதமரானார். வழக்குகள் மறைந்தன. வீடிழந்தோரின் கணக்கு தீர்க்கப்படவேயில்லை.

அவசரத்தால் விளைந்த கேடு இது. இதனினும் பெரியது ஒன்றுண்டு. பதவி போனால் சிறை என்று அஞ்சும் தலைவர், தேர்தலில் தோற்கச் சம்மதிப்பாரா? அண்டை நாடான பாகிஸ்தானில், தம்மைக் கவிழ்த்த இராணுவ ஆட்சியிலேயே பூட்டோ 1979-இல் தூக்கிலிடப்பட்டார். நம் தமிழகத்திலும் 1996-இல் ஒரு முன்னாள் முதல்வர் கைதானார். 2001-இல், ஆட்சி மாறியதும், மற்றொருவர் நள்ளிரவில் கைதானார். இவ்வாறு முறை வைத்துப் பழி தீர்ப்பது குடியாட்சியாகாது.

அங்ஙனமாயின் தலைவர்களைத் தண்டிக்கவே கூடாதா? கூடும். மகனென்றும் பாராத மனுநீதிச் சோழன் நம் மரபினன். ஆனால் ஆராயாது தீர்ப்பளித்து உயிர்துறந்த பாண்டியனும் நம் மரபினனே. இருவரையும் நாம் மறத்தலாகாது.

எங்கள் இரயில்வேயில் எளிய ஊழியர் மீதும் முதலில் குற்றப்பத்திரிகை தருவர். பதில் கூற அவகாசம் அளிப்பர். குற்றம் சாட்டியவரே விசாரணை அதிகாரியாக அமரார். இந்த எளிய நெறி நாட்டுக்கும் வேண்டும். செல்வி ஜெயலலிதா மீதான வழக்கை உச்ச நீதிமன்றம் 2003-இல் பெங்களூருக்கு மாற்றியதும் இந்நெறி பற்றியே.

நம் காலனியில் பல கட்சியினர் உள்ளோம். எதிர்க்கட்சித் தலைவர் கைதானால் இனிப்பு வழங்குமுன், குற்றம் யாது, சான்று யாது, விசாரிப்பவர் யார் என்று கேட்போமாக. நம் தலைவர் கைதானாலும் அதையே கேட்போமாக.