வலிக்காத கட்டியையும் காட்டுவோம்



கூட்டத்துல வரவு செலவு பேசுறோம், உடம்பைப் பத்திப் பேசுறதில்லை. தொடையிலோ தோளிலோ தோலுக்கு அடியில் கட்டி இருந்தால், "வலிக்கலையே, கொழுப்புக் கட்டிதான்" என்று விட்டுவிடுகிறோம். பெரும்பாலும் அது சரிதான். ஆனால் தசை, கொழுப்பு போன்ற மென்திசுக்களில் சார்கோமா என்ற அரிய புற்றுநோயும் வரும். அதுவும் தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது.

கட்டி 5 செ.மீ.க்கு மேல் இருந்தாலோ, வளர்ந்துகொண்டே போனாலோ, ஆழத்தில் இருந்தாலோ, எடுத்த இடத்திலேயே மறுபடி வந்தாலோ உடனே டாக்டரிடம் காட்டணும்.

பத்துப் போடாதீங்க, கீறாதீங்க. முதலில் ஸ்கேன். பிறகு ஊசியால் துளி சதை எடுத்துப் பரிசோதனை. முறையாக எடுத்தால் நோய் பரவிடும் என்று பயப்பட வேண்டாம். சோதிக்காமல் கட்டியை வெட்டினால்தான் மிச்சம் தங்கி, மறுபடி பெரிய ஆபரேஷன் ஆகும்.

உத்திரமேரூர் அரசு மருத்துவமனையில் முதலில் காட்டுவோம். 1969-ல் புற்றுநோயால் மறைந்த அண்ணாவின் பெயரில், காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசுப் புற்றுநோய் மருத்துவமனையே இருக்கிறது.

அடுத்த கூட்டத்தில் சேமிப்புக் கணக்கு முடிந்ததும், "கட்டி ஏதாச்சும் இருக்கா அக்கா?" என்று ஒருவரை ஒருவர் கேட்போம். தனியாகப் போகத் தயங்குபவருக்கு நம்மில் ஒருத்தி துணைக்குப் போவோம்.