இலவசமா, உரிமையா?



"லினக்ஸ் எல்லாமே இலவசம்தானே, எதைப் போட்டால் என்ன?" என்று பலர் கேட்கிறார்கள். இலவசம் என்பது விலையைப் பற்றிய பேச்சு. இந்த மென்பொருளைப் படிக்க, திருத்த, அடுத்தவருக்குக் கொடுக்க நாளைக்கு யாராவது நம்மைத் தடுக்க முடியுமா? இதற்குப் பதில் உரிமத்தில்தான் இருக்கிறது.

1991இல் லினக்ஸ் கருவை வெளியிட்ட லினஸ் டோர்வால்ட்ஸ், அதைக் காசுக்குக் கொடுக்கக் கூடாது என்றார். நெகிழ்வட்டில் நகலெடுத்துத் தருபவர் கைச்செலவைக்கூட வாங்க முடியாது. இப்படி இருந்தால் எப்படிப் பரவும்? 1992இல் அவர் ஜிபிஎல் உரிமத்துக்கு மாறினார். ரிச்சர்ட் ஸ்டால்மன் எழுதிய உரிமம் அது. விற்கலாம், மாற்றலாம், ஆனால் வாங்குகிறவருக்கு மூலநிரலும் அதே உரிமைகளும் போய்ச் சேர வேண்டும்.

பிஎஸ்டி உரிமத்தில் இந்தக் கட்டாயம் கிடையாது. ஃப்ரீபிஎஸ்டியின் நிரலை எடுத்துத்தான் சோனி தன் பிளேஸ்டேஷன் 4இன் இயங்குதளத்தை அமைத்தது. அதில் தான் செய்த மாற்றங்களை வெளியிட வேண்டிய கடமை அதற்கு இல்லை. சட்டப்படி இதில் தவறும் இல்லை.

ஜிபிஎல் என்ன செய்யும் என்பதற்கும் ஒரு சான்று சொல்கிறேன். லிங்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டருக்குள் லினக்ஸ் இருப்பதை 2003இல் சிலர் கண்டுபிடித்தார்கள். உரிமத்தைக் காட்டி மூலநிரலைக் கேட்டார்கள். நிறுவனம் கொடுத்தது. அதிலிருந்து பிறந்ததுதான் ஓபன்டபிள்யூஆர்டி. உற்பத்தியாளர் கைவிட்ட பல பழைய ரவுட்டர்களுக்கு இன்றும் அது உயிர் கொடுக்கிறது.

அப்படியானால் ஜிபிஎல் மட்டும் போதுமா? போதாது. சென்ட்ஓஎஸ் 8க்கு 2029 வரை ஆதரவு உண்டு என்று நம்பிப் பலர் சர்வர்களில் நிறுவினார்கள். 2021 முடிவோடு நிறுத்துகிறோம் என்று 2020 டிசம்பரில் ரெட்ஹேட் அறிவித்தது. 2023இல், தன் நிறுவன லினக்ஸின் மூலநிரலை வாடிக்கையாளர்களுக்கு மட்டுமே தருவோம் என்றது. மென்பொருளைப் பெற்றவருக்கு மூலநிரலைக் கொடு என்றுதான் ஜிபிஎல் சொல்கிறது. ஊருக்கே கொடு என்று சொல்லவில்லை. உரிமம் நிரலைக் காக்கும். அடுத்த பதிப்பு வருமா, வராதா என்பதை முடிவு செய்வது யார் என்பதையும் நாம்தான் பார்க்க வேண்டும்.

டெபியனைப் பாருங்கள். அதற்கு முதலாளி இல்லை. 1997இலேயே பயனர்களுக்கு எழுத்தில் உறுதி கொடுத்தது. வைஃபை போன்ற கருவிகளுக்குத் தேவைப்படும் மூடிய நிரல்களை நிறுவியில் சேர்க்கலாமா என்ற கேள்விக்கு 2022இல் உறுப்பினர்கள் வாக்களித்து முடிவெடுத்தார்கள். இன்று அவை தனிப் பிரிவில், பெயர் சொல்லியே வைக்கப்பட்டுள்ளன.

சொந்தமாக ஒரு கருவி செய்து விற்க நினைப்பவருக்கு பிஎஸ்டி வசதியாக இருக்கலாம். கல்லூரி ஆய்வகத்துக்கோ, ஊர்ப் படிப்பகத்துக்கோ கணினி அமைப்பவர்கள் மூன்று கேள்விகள் கேளுங்கள்: உரிமம் என்ன? முடிவெடுப்பது யார்? அவர்கள் கைவிட்டால், நாமே எடுத்து நடத்த வழி இருக்கிறதா?

மூன்றாவது கேள்விக்கு "இருக்கிறது" என்று பதில் வந்தால் தயங்காமல் நிறுவுங்கள்.