வீட்டுச் சவர்க்காரம்: நிறமும் நிறையும் கூலியும்

(திருகோணமலையில் நடந்த மகளிர் பிரிவுப் பயிற்சி வகுப்பில், தோட்டப் பாடசாலை ஆசிரியரும் சங்க அமைப்பாளருமான தோழர் ஆற்றிய உரை)



மலையகத்திலிருந்து இரவு முழுக்க பஸ்ஸில் வந்தவர்கள் இங்கே பாதி. மற்றப் பாதி, 1977இலும் 1983இலும் அடிபட்டுத் தோட்டங்களை விட்டு வந்து இந்த மாவட்டத்தில் குடியேறியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். நேற்றுச் சாப்பாட்டு நேரத்தில் எந்தத் தோட்டம், எந்த டிவிசன் என்று விசாரித்து இரண்டு பேர் சொந்தமே கண்டுபிடித்துவிட்டார்கள். அதனால் இன்று நான் கொஞ்சம் குறைவாகப் பேசினாலும் வகுப்பு வீணில்லை.

சவர்க்காரம் செய்வது பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டது நீங்கள்தான். சுயதொழில் பயிற்சி என்று தோட்டத்துக்கு வருகிறவர்கள் ஒரு மணித்தியாலத்தில் மஞ்சள் சவர்க்காரம், கற்றாழைச் சவர்க்காரம் என்று செய்து காட்டிப் படம் பிடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். பிறகு வீட்டில் செய்து பார்த்தால் ஒன்று கை எரிகிறது, இல்லாவிட்டால் கட்டி பிடிப்பதில்லை. ஏன் என்று சொல்ல ஆளில்லை. அந்த ஏன் என்பதைத்தான் இன்று பார்க்கப்போகிறோம்.

சவர்க்காரம் என்பது எண்ணெயும் காரமும் சேர்ந்து வேறொன்றாக மாறுவது. முன்பு சாம்பலில் தண்ணீர் ஊற்றி வடித்த காரம், வண்ணார் பயன்படுத்திய உவர்மண் எல்லாம் இதே வேலையைத்தான் செய்தன. சாம்பல் காரத்தில் செய்தால் சவர்க்காரம் கூழாக இருக்கும். கட்டியாக வர கோஸ்டிக் சோடா வேண்டும். அது இல்லாமல் சவர்க்காரம் செய்யலாம் என்று யாராவது சொன்னால், அவர் ஏற்கெனவே செய்த சவர்க்காரத்தை வாங்கி உருக்கி நிறம் போடுகிறார் என்று அர்த்தம். அது தப்பில்லை. ஆனால் அது வேறு வேலை.

எந்த எண்ணெய்? நம் தீவில் தேங்காய் எண்ணெய்தான். அதில் ஒரு தனிக் குணம் உண்டு. சாதாரணச் சவர்க்காரம் கடல் தண்ணீரில் நுரைக்காது, வெள்ளையாகத் திரிந்து போகும். தேங்காய் எண்ணெயில் செய்தது உப்புத் தண்ணீரிலும் நுரைக்கும். அதனால்தான் அந்தக் காலத்துக் கப்பல்காரர்கள் இதைக் கொண்டுபோனார்கள். 1957 வரை வெள்ளைக்காரன் கடற்படையை வைத்திருந்த இந்தத் துறைமுகத்தில் இதைச் சொல்வது பொருத்தம்தானே. உவர்க் கிணற்றில் குளிக்கிற இங்குள்ளவர்களுக்கு இது இன்றைக்கும் உதவும்.

இப்போது கணக்கு. கொப்பி இருப்பவர்கள் எழுதுங்கள். தேங்காய் எண்ணெய் 500 கிராம், கோஸ்டிக் சோடா 73 கிராம், தண்ணீர் 180 கிராம். இது குளிக்கிற சவர்க்காரம். 500 கிராம் எண்ணெய் முழுவதையும் மாற்றச் சுமார் 91 கிராம் காரம் வேண்டும். நாம் வேண்டுமென்றே குறைத்துப் போடுகிறோம். அப்போது கொஞ்சம் எண்ணெய் மாறாமல் நின்று தோலைக் காப்பாற்றும். உடுப்புத் துவைக்க என்றால் 87 கிராம் வரை போகலாம். அதற்கு மேல் வேண்டாம்.

எல்லாம் நிறை. தேக்கரண்டி, கோப்பை, கண் மதிப்பு எதுவும் கூடாது. எண்ணெயைப் போத்தல் கணக்கில் வாங்குகிறோம், 750 மில்லிலீற்றர் போத்தலில் இருக்கும் எண்ணெய் 690 கிராம் அளவுதான் நிற்கும். அதை முக்கால் கிலோ என்று நினைத்துக் காரத்தைப் போட்டால் கூடிவிடும். கொழுந்து நிறுக்கும்போது தராசு முள்ளை எப்படிப் பார்ப்போம்? ஒரு கிலோ குறைத்தால் சண்டைக்குப் போகிறோம் அல்லவா? அதே கண் இங்கேயும் வேண்டும். ஒரு கிராம் காட்டும் சின்னத் தராசு ஒன்று கிளைக்கு ஒன்று வாங்கினால் போதும், வீட்டுக்கு வீடு தேவையில்லை. காரத்தையும் பார்த்து வாங்குங்கள். குழாய் அடைப்பு எடுக்க விற்கிற தூளில் வேறு சாமான்களும் கலந்திருக்கும், அது ஆகாது.

செய்முறை சின்னது. தண்ணீரை அளந்து வைத்து, அதற்குள் காரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கரைக்க வேண்டும். காரத்தின் மேல் தண்ணீரை ஊற்றவே கூடாது, பொங்கித் தெறிக்கும். கரையும்போது நெருப்பில்லாமலே கொதி சூடு வரும், மூக்கை அரிக்கும் ஆவியும் வரும். அது ஆறி இளஞ்சூடானதும், இளஞ்சூடான எண்ணெயில் மெல்ல ஊற்றி, தோசைமா பதத்துக்குத் தடிக்கும் வரை கிண்ட வேண்டும். அச்சில் ஊற்றி, இறுகியதும் வெட்ட வேண்டும். தேங்காய் எண்ணெய்ச் சவர்க்காரம் சீக்கிரம் கல்லாகும், மறுநாள் வரை விட்டால் வெட்டும்போது உடையும். பிறகு காற்றோட்டமான இடத்தில் நான்கு கிழமை காய வேண்டும்.

நான் நின்று பேச விரும்புவது பாத்திரத்தையும் இடத்தையும் பற்றி. நம் குசினியில் இருப்பது பெரும்பாலும் அலுமினியம். காரம் அலுமினியத்தைத் தின்னும், தீப்பிடிக்கிற வாயுவும் வரும். எவர்சில்வர் பாத்திரம், இல்லாவிட்டால் தடித்த பிளாஸ்டிக் வாளி. அந்தப் பாத்திரத்தில் பிறகு சமைக்கக் கூடாது.

இடம்? 10க்கு 12 அடி லயன் காம்பிராவில், அடுப்பும் படுக்கையும் பிள்ளையின் புத்தகமும் ஒன்றாக இருக்கிற இடத்தில், இதைச் செய்ய வேண்டாம் என்று நேரடியாகச் சொல்கிறேன். வெளியில், பிள்ளைகள் ஓடாத இடத்தில், கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு செய்ய வேண்டும். மிஞ்சிய காரத்தைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கவே கூடாது. தாகத்தில் வரும் பிள்ளைக்கு அது தண்ணீர்தான். ஒரு வாய் போனால் தொண்டை வெந்துவிடும். அப்படி நடந்தால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். கையில் பட்டால் தேசிக்காய், வினாகிரி என்று தேடாதீர்கள். ஓடுகிற தண்ணீரில் இருபது நிமிடம் கழுவுங்கள். கண்ணில் பட்டாலும் தண்ணீர்தான், கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரி. பக்கத்தில் தண்ணீர் இல்லாத நாளில் இந்த வேலையைத் தொடக்கூடாது.

சரி, நீங்கள் காத்திருக்கிற நிறத்துக்கு வருவோம். பிள்ளையின் வெள்ளைச் சட்டையில் கறி பட்டால் மஞ்சளாக இருக்கும், சவர்க்காரம் போட்டவுடன் சிவப்பாகும். பார்த்திருப்பீர்கள். ஆராத்திக்கு மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு போட்டதும் சிவப்பதும் அதே கதை. காரம் மஞ்சளின் நிறத்தை மாற்றுகிறது. அதனால் மஞ்சள் போட்ட சவர்க்காரம் முதலில் செங்கல் நிறமாகத் தெரியும், காயக் காயச் செம்மஞ்சளுக்கு வரும், வெயில் பட்டால் வெளிறும். கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள். 500 கிராம் எண்ணெய்க்கு ஒரு தேக்கரண்டி போதும், கூடினால் துவாயில் கறை பிடிக்கும்.

பீற்றூட், செம்பருத்தி இரண்டும் ஏமாற்றுக்காரர்கள். அரைக்கும்போது அழகான சிவப்பு, காரத்தில் பட்டதும் மங்கிப் பழுப்பாகிவிடும். வேப்பிலைப் பச்சையும் நிற்காது. நிற்பது சிரட்டைக்கரித் தூளின் கறுப்பும் காவியின் செம்மையும்தான். தேயிலைச் சாயம் கடும் பழுப்பாக வரும். வாழ்நாள் முழுக்கக் கையில் ஏறிய சாயம் போதாதென்று சவர்க்காரத்திலும் வேண்டுமா என்று நேற்று ஓர் அக்கா கேட்டார், நியாயமான கேள்வி. அந்தக் கைக்கறைக்கு, குடித்து மிஞ்சிய கோப்பிச் சக்கையைக் காயவைத்து ஒரு மேசைக்கரண்டி கலந்தால் தேய்க்க நன்றாக இருக்கும். மானாப்புல் வாசம் எல்லோருக்கும் பிடிக்கும், ஆனால் புல்லை அவித்த தண்ணீரில் செய்தால் வாசம் அநேகமாக மிஞ்சாது. ஆவியில் வடித்த எண்ணெய் வேண்டும். கறுவா எண்ணெய் தோலை எரிக்கும், விட்டுவிடுங்கள்.

இவை எல்லாம் நிறத்துக்கும் தேய்ப்பதற்கும்தான். மஞ்சள் சவர்க்காரம் தோலை வெள்ளையாக்கும், வேப்பஞ் சவர்க்காரம் சொறியை மாற்றும் என்று எழுதி விற்க வேண்டாம். கழுவி ஊற்றுகிற பொருள் அவ்வளவு வேலை செய்யாது. வெள்ளையாக்கும் பொருட்களில் பாதரசம் கலந்து எத்தனையோ நாடுகளில் பெண்களின் சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கிறது. 2017இல் நடைமுறைக்கு வந்த மினமாட்டா உடன்படிக்கை அப்படிப்பட்ட கிரீமையும் சவர்க்காரத்தையும் பெயர் சொல்லியே தடுக்கிறது. நம் நிறத்துக்கு ஒரு குறையும் இல்லை.

கடைசியாக, வருமானம். நான் சொன்ன அளவில் காய்ந்தபின் நூறு கிராம் கட்டி ஆறு வரும். ஒரு கட்டிக்கு எண்பது கிராமுக்கு மேல் எண்ணெய். இன்றைய எண்ணெய் விலையை நீங்களே போட்டுப் பாருங்கள், பிறகு காரம், கையுறை. அடுத்து யாரும் எழுதாத ஒரு வரி: உங்கள் கூலி. 2024 செப்டெம்பரில் நிர்ணயித்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. எட்டு மணித்தியாலத்தால் பிரித்தால் மணிக்கு 168 ரூபா சொச்சம். நிறுத்து, கிண்டி, வெட்டி, கழுவி வைக்க இரண்டு மணித்தியாலம் என்றால் 337 ரூபா, ஒரு கட்டிக்கு 56 ரூபா. இன்று உங்கள் செக்ரோலில் எவ்வளவோ, அதைப் போட்டுக் கணக்கைத் திருத்துங்கள். எண்ணெயை விலைக்கு வாங்கி, இதையும் சேர்த்தால், கடைச் சவர்க்காரத்தைவிட மலிவாக வருவது கஷ்டம்.

அப்படியென்றால் ஏன் கற்றுக்கொள்ள வேண்டும்? சொந்தத் தென்னை நிற்கிற வளவு இங்கே சிலருக்கு இருக்கிறது, அவர்களுக்குக் கணக்கு வேறு. மலையகத்தில் லயத்துக்கு முன்னால் உள்ள துண்டு நிலமே நம் பெயரில் இல்லை. ஆகவே ஆளுக்கு ஆள் செய்யாமல் கிளையாகச் செய்வோம் என்பது என் யோசனை. ஐந்து கிலோ எண்ணெயில் செய்ய, அரைக் கிலோவில் செய்வதைப்போல் பத்து மடங்கு நேரம் எடுக்காது. இங்குள்ள கிளை எண்ணெயைப் பார்த்துக்கொண்டால், மலையகக் கிளைகள் கட்டிகளைத் தங்களுக்குள் பங்கிடலாம். கிண்டுகிறவருக்கு மணிக்கூலி எழுதப்பட வேண்டும். யாழ்ப்பாணத்தில் கனகராசா நடத்திய மில்க்வைற் சவர்க்காரம் ஒரு காலத்தில் ஊரறிந்த பெயர். அது ஒரு தொழிலகம், வேலை முடிந்து வந்த பெண் தூக்கத்தை விட்டுச் செய்த ஒன்றல்ல. சம்பளம் போதவில்லை என்று கேட்கும்போது, சவர்க்காரம் செய்து பிழையுங்கள் என்று யாராவது பதில் சொன்னால், இந்த 56 ரூபாக் கணக்கை அவர் முன்னால் வையுங்கள்.

இனி வெளியே போவோம், மரத்தடியில் எல்லாம் நிறுத்து வைத்திருக்கிறோம். கையுறை நான்கு சோடிதான் இருக்கிறது, அதனால் நால்வர் நால்வராக வாருங்கள். சின்னப் பிள்ளைகள் உள்ளேயே இருக்கட்டும், அண்ணன்மார் பார்த்துக்கொள்வார்கள்.