உழவாரமும் உபதேசமும்



திருமயிலையில் சமயச் சொற்பொழிவுக்குப் பஞ்சமில்லை. கபாலீசுவரர் கோயிலைச் சூழ்ந்த மாட வீதிகளிலே புராணமும் திருமுறையும் கேட்டுப் பழகியவன் நான். அங்கே கேட்போர் பெரும்பாலும் உண்டு இளைப்பாறி வந்து அமர்பவர்கள். வானம் பார்த்த பூமியில் பகலெல்லாம் உழைத்துக் களைத்த உழவரிடம் இதே உபதேசத்தை எடுத்துச் செல்லும் தொண்டர் என் செய்வது? கிராமத் தொண்டில் நாட்டமுள்ள இளைஞர் எண்ணிப் பார்க்கத் தக்க வினா இது.

விடை நம் மரபிலேயே உண்டு. ஏழாம் நூற்றாண்டில் ஊர் ஊராகச் சென்று பாடிய திருநாவுக்கரசரின் கையில் இருந்தது உழவாரம்; அது புல் செதுக்கும் கருவி. நாவும் கையும் ஒருங்கே தொண்டு செய்தமையால் அவர் சொல்லுக்கு வலிமை வந்தது.

அண்மைக் காலத்தில் இவ்வழியைப் புதுக்கியவர் குன்றக்குடி அடிகளார் (1925–1995). காரைக்குடியை அடுத்த குன்றக்குடியில் ஆதீனத் தலைவராக விளங்கிய அவர், 1952-ஆம் ஆண்டில் அருள்நெறித் திருக்கூட்டத்தைத் தோற்றுவித்தார். தொண்டர்கள் ஊர்களிலே வழிபாடும் சொற்பொழிவும் நடத்தினர். அடிகளாரோ அதனோடு நின்றாரல்லர். 1977-இல் குன்றக்குடியில் கிராமத் திட்டக்குழு அமைந்தது. ஊரின் மண்வளம், நீர்வளம், மனித ஆற்றல் ஆகியவை ஆராயப்பட்டன. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தின் அறிவியலாரும் துணை நின்றனர். கூட்டுறவும் சிறுதொழிலும் வளர்ந்தன. சமயம் பரப்பிய அத்துறவிக்கு 1991-இல் அறிவியல் பரப்பியமைக்காகத் தேசிய விருது கிடைத்தது!

"சமயத்தின் வேலை இதுவா?" எனச் சிலர் வினவலாம். பசித்தவன் செவிக்கு நம் சொல் எட்டாது என்பது ஒரு விடை. ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். எந்தச் சமயத்தவராயினும், பிறர் வறுமையைத் தம் கூட்டம் பெருக்கும் தூண்டிலாக்குதல் தகாது. நம் வழிபாட்டுக்கு வாராதவன் வயலுக்கும் வாய்க்கால் நீர் பாய வேண்டும். அங்கேதான் தொண்டு எது, வாணிகம் எது என்பது விளங்கும்.

ஆதலின், நண்பர்களே, விடுமுறையில் கிராமத்திற்குச் செல்வீராயின் முதல் நாள் மேடை தேடாதீர்கள். ஏரியில் நீர் உண்டா, விதை எங்கே கிடைக்கிறது, கடன் எவ்வளவு என்று கேளுங்கள். வயதில் மூத்த உழவரிடம் மாணவராக அமருங்கள். அவர் சொல்வதை நீங்கள் கேட்டபின், நீங்கள் சொல்வதை அவரும் கேட்பார்.