மரத்துப்போன காலும் மறைந்திருக்கும் காரணமும்

(கொடுமுடியில் நமது கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



கல்வியைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். நான் ஒரு காலைப் பற்றிப் பேசுகின்றேன். அது என் தந்தையாரின் கால்.

1989ஆம் ஆண்டு. நான் இளங்கலை மாணவன். காலிங்கராயன் வாய்க்கால் ஓரம் மஞ்சள் வேகவைக்கும் வேலைக்குச் சென்ற என் தந்தையார், அடுப்பிலிருந்து சிதறிய தணலை மிதித்தார், மிதித்ததை அறியவில்லை. அருகிலிருந்தவர் கூவிய பின்னரே குனிந்து பார்த்தார். ஈராண்டுகளாகவே அவர் பாதங்கள் மரத்திருந்தன. செய்வினை என்றார் ஒருவர். முன்வினை என்றார் மற்றொருவர். நரம்புத் தளர்ச்சி என்று ஊசி போட்டுக் காசு பெற்றார் இன்னொருவர். பெருநோய் என்று முணுமுணுத்தனர் பலர். தேநீர்க் கடையின் தனிக்குவளையால் நொந்த நம் வீட்டிலேயே என் தந்தையாரின் குவளை தனியே கவிழ்த்து வைக்கப்பட்டது. வைத்தவன் நான்தான்.

பின்னர் ஒரு மருத்துவர் வினவினார்: மது அருந்துவதுண்டா? காசநோய் மாத்திரை உண்டதுண்டா? உணர்ச்சியற்ற தேமல் உண்டா? இரவில் எத்தனை முறை சிறுநீர் கழிக்கின்றீர்? வினவியபின் இரத்தத்தைச் சோதித்தார். சர்க்கரை நோய்! ஒரு விரலை இழந்து பாதத்தைக் காத்துக்கொண்டோம்.

தோழர்களே, மரமரப்பும் எரிச்சலும் தாமே நோயல்ல, நோயின் அறிவிப்பு. நீரிழிவு முதற்காரணம். மது, பி12 வைட்டமின் குறைவு, தைராய்டு குறைவு, சிறுநீரகக் கோளாறு ஆகியனவும் காரணங்கள். ஐசோனியாசிட் என்னும் காசநோய் மாத்திரையும் சிலருடைய நரம்பைத் தாக்கும். பி6 வைட்டமின் அதனைத் தடுக்கும். ஆயினும் மாத்திரையைத் தாமாக நிறுத்தலாகாது. எல்லாச் சோதனைக்குப் பின்னும் காரணம் புலப்படாதோரும் உண்டு. எனினும் தேடாமல் விடுவது தவறு.

தொழுநோயே ஆயினும் அஞ்சுவதற்கில்லை. அது சாபமன்று, கிருமியால் வருவது என்பதற்கு 1873இல் நார்வே நாட்டு ஹான்சன் வழிகாட்டினார். விரல்கள் தாமே அழுகி விழுவதில்லை. உணர்ச்சியின்மையால் காயமுற்றே அழிகின்றன என்று வேலூரில் பணியாற்றிய மருத்துவர் பால் பிராண்டு விளக்கினார். 1981இல் உலக நலவாழ்வு நிறுவனத்தின் வல்லுநர் குழு பரிந்துரைத்த கூட்டு மருந்து அதனைக் குணப்படுத்துகிறது.

ஆதலின் இளைஞர்களே, இன்றிரவு உங்கள் பெற்றோரின் உள்ளங்காலைப் பாருங்கள். காலில் செருப்பு இருக்கட்டும். கால் மரத்தால் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். சர்க்கரையைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

“இவனுக்குப் படிப்பு வராது” என்று நம் பிள்ளைகளைக் குறித்துக் கூறுவோரைப் பள்ளியில் இன்றும் காண்கின்றேன். வராமைக்குப் பசியா காரணம், பார்வைக் குறைவா, கரும்பு வெட்டச் சென்ற பெற்றோருடன் ஊர் ஊராய் அலைந்ததா என்று அவர்கள் கேட்பதில்லை. காரணம் கேளாதவன் விதியைச் சொல்வான். ஏன் என்று கேட்கக் கற்பதே கல்வி. அதனை நான் கல்லூரியில் கற்கவில்லை. என் தந்தையாரின் பாதத்தில் கற்றேன்.